கீழ்க்குரல் சாதியா

பென்னாகரத்துச் சாதியா போனை எடுத்து "அலோ" என்றால், அந்தப் பக்கம் இருப்பவர் "சொல்லுங்க சார்" என்றுதான் ஆரம்பிப்பார். கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும் இடத்தில் சார். வங்கியில் சார். ஒருமுறை பெண் பார்க்க வருவதாக இருந்த அரூர்க்காரர்கள் வழி கேட்பதற்குப் போன் செய்து, "தம்பி, வூட்ல லேடீஸ் யாராவது இருந்தா குடுப்பா" என்றார்கள். "லேடீஸ்தான் பேசறேன், சொல்லுங்க" என்றாள் சாதியா. அவர்கள் வரவில்லை. அக்கா சுல்தானா அன்றைக்குச் செய்து வைத்திருந்த கேசரியை அக்காவும் தங்கையுமாக உட்கார்ந்து தின்று தீர்த்தார்கள்.

குரல் அப்படி. சின்ன வயதில் வந்த காய்ச்சலால் ஆனதில்லை, தொண்டையில் கோளாறும் இல்லை. தருமபுரியில் ஒரு டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு, இதான் இவங்க குரல்" என்று எழுதியே கொடுத்திருக்கிறார். சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பில், காலைப் பிரார்த்தனையில் அவள் பாடியதைக் கேட்ட டீச்சர், "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றார். சாதியா அசைத்தாள். பத்தாம் வகுப்பு வரைக்கும் ஆறு வருஷம் அசைத்தாள். பத்தாம் வகுப்பின் கடைசி நாளில், இனி யார் என்ன செய்துவிடுவார்கள் என்று வாய்விட்டுப் பாடினாள். பெண்கள் பள்ளிக்குள் எந்தப் பையன் புகுந்துவிட்டான் என்று பார்க்க ஹெட்மாஸ்டரம்மா அறையை விட்டு வெளியே வந்தார். சாதியா பாட்டை நிறுத்தவில்லை. அன்றைக்குப் பாடியதோடு சரி. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் பாடவில்லை, பாட இடமும் இல்லை.

காரிமங்கலத்துப் பக்கம் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் செக்கர் வேலை அவளுக்கு. தைத்து வரும் சட்டையில் நூல் விட்டிருக்கிறதா, பட்டன் நேராக இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். கம்பெனி வேன் காலை ஆறு இருபதுக்குப் பென்னாகரம் பஸ் நிலையத்தில் நிற்கும். இண்டூரில் பாஞ்சாலி ஏறுவாள். வத்தல்மலையில் பிறந்து இண்டூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மலையில் இந்தச் சரிவில் நின்று அந்தச் சரிவில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, கத்தி மாதிரி மேலே ஏறும். தருமபுரி நாலு ரோட்டில் ஜாஸ்மினும் பிரியங்காவும் ஏறுவார்கள். ஜாஸ்மின் சர்ச் கொயரில் பதினைந்து வருஷமாகப் பாடுகிறவள். பிரியங்கா எல்லோருக்கும் இளையவள், இருபத்திரண்டு வயது. வாயாலேயே டிரம்ஸ் அடிப்பாள், அதற்காகவே சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்குவாள்.

வேனில் பாட்டுப் பெட்டி ரிப்பேராகி ஒரு மாதம் ஆகியிருந்தது. டிரைவர் பெரியண்ணனிடம் கேட்டால், "கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன் தாயி, அவங்க டெல்லிக்கு எழுதிப் போட்டிருப்பாங்க" என்பார். அந்த வறட்சியில்தான் ஒருநாள் ஜாஸ்மின் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள்.

ஏதோ வெளிநாட்டு ஊர், படிக்கட்டு ஒன்றில் ஐந்து பேர் நின்றார்கள். கையில் கிட்டார் இல்லை, கீபோர்டு இல்லை. எல்லாமே வாய். ஒருத்தி பாட, இரண்டு பேர் பின்னால் விரித்துக் கொடுக்க, ஒருவன் தாளம் போட, ஓரத்தில் நின்ற தடித்த ஆள் ஒருவன் அடியிலிருந்து "டூம், டும்டும்" என்று தூக்கிக்கொண்டே போனான்.

"இது இப்பப் பாடறவங்க. பாட்டு அறுபது வருஷத்துப் பழசு" என்றாள் ஜாஸ்மின். "அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க பாடினது. சோல் பாட்டும்பாங்க. சர்ச்சுல பாடினவங்க அப்படியே வெளிய வந்து, சாமிகிட்டக் கேட்ட மாதிரியே மனுசங்ககிட்டயும் கேட்டிருக்காங்க."

"என்னத்தக் கேட்டாங்க?" என்றாள் பாஞ்சாலி.

"என்ன விட்டுட்டுப் போவாதன்னு. மரியாதையா நடத்துன்னு. எல்லாம் இதேதான்."

"இதுக்கு எதுக்கு அமெரிக்கா போவணும். எங்கூட்டுக்கு வா, தெனம் பாடறேன்."

சிரிப்பு அடங்குமுன் வீடியோ மறுபடி ஓடியது. சாதியா கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, அந்தத் தடித்த ஆளோடு சேர்ந்து முனகினாள். அவளுக்கே தெரியாமல்தான். முன் சீட்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சாதியா வாயை மூடிக்கொண்டாள்.

"ஏன் நிறுத்தின?" என்றாள் ஜாஸ்மின்.

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கொயர்ல இந்தக் குரலுக்கு ஆள் இல்லாம ஃபாதர் பக்கத்து ஊருக்குப் போன் பண்றாரு. நீ வேன்ல ஒக்காந்து வீணாக்கற. பாடு."

இப்படி ஆரம்பித்தது. போகும்போது அரை மணி, வரும்போது அரை மணி, வாரத்தில் ஆறு நாள், பதினான்கு மாதம். வார்த்தைகளை ஜாஸ்மின் கேட்டுக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதுவாள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிரியங்கா திருத்துவாள். துணிக் கட்டுகளில் கட்டி வரும் பண்டில் டிக்கெட்டுகளின் வெற்றுப் பக்கம்தான் நோட்டு. சாதியாவுக்கு எழுத ஒன்றுமில்லை. அவளுடையது வார்த்தையே இல்லாத வழி. வீடியோவில் இருந்தவனை அப்படியே பின்பற்றினால் மூன்று பெண்களுக்கும் பொருந்தவில்லை என்பதால், ஒவ்வொரு வரிக்கும் தானே ஒரு நடை கண்டுபிடித்தாள். அது எந்தத் தாளிலும் கிடையாது.

சுதிக்கும் அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். வேன் அறுபதுக்கு மேல் போகாதபடி கம்பெனி பூட்டுப் போட்டிருந்தது. பெரிய ரோட்டில் ஏறி டாப் கியரில் விழுந்ததும் இன்ஜின் ஒரே சீராக இரையும். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை, தினமும் அதே இரைச்சல். சாதியா அதில்தான் தன் முதல் ஒலியை எடுப்பாள். அவள் மேல் மற்ற மூவரும் ஏறிக்கொள்வார்கள். "பெரியண்ணே, டாப்புல போடுங்க" என்றால் அவருக்கும் புரியும். முன்னால் லாரி போனால்கூட வேகம் குறையாமல் ஒதுங்கி முந்துவார்.

தருமபுரியில் ஒரு மண்டபத்தில் பாட்டுப் போட்டி என்றும், அதில் குழுப் பாட்டு தனிப் பிரிவு என்றும் பிரியங்காதான் பார்த்துச் சொன்னாள். நடத்துகிறவர் மாதவராஜ். இருபத்தைந்து வருஷமாக மெல்லிசைக் குழு வைத்திருப்பவர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாண வரவேற்பிலும் அவர் கீபோர்டு கேட்கும். விண்ணப்பத்தைச் சாதியா வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அம்மா, "மேடையா? நம்ம தெருவுல நாலு பேரு நாலு விதமா கேப்பாங்களே" என்றார்.

"கேட்டா எங்கிட்ட அனுப்புங்க" என்றாள் சுல்தானா. "காலைல ஆறு மணிக்கு இவ வேலைக்குப் போறப்ப யாரும் வந்து ஒண்ணும் கேக்கல. பாடறப்ப மட்டும் என்ன கேள்வி."

போட்டிக்குக் குழுக்களை எடுக்கும் தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இவர்கள் முறை வந்தபோது கரண்ட் போயிருந்தது. மண்டபத்துக்கு வெளியே ஜெனரேட்டர் ஓடியது. அங்கேதான் தப்பு நடந்தது. நால்வரும் வரிசையாக நின்று, கண்ணால் ஜாடை காட்டி, பழக்கப்படி காதுக்கு எட்டிய இரைச்சலில் ஏறிக்கொண்டார்கள். வேன் அடியில் உறுமும். அந்த ஜெனரேட்டரோ மேலே கீச்சிட்டது. இரண்டாவது வரியிலேயே பாஞ்சாலிக்கு உச்சியில் குரல் உடைந்தது. சாதியாவின் கீழ்க்குரல் கீழே இல்லாமல், சாதாரணப் பெண்கள் பேசும் உயரத்தில் வந்து நின்றுவிட்டது. நிறுத்தி மறுபடி தொடங்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. வேனை நடுவில் நிறுத்திப் பழக்கமில்லை அல்லவா.

மாதவராஜ் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "புதுசா இருக்கும்மா. செலக்ட் பண்ணிக்கறேன்" என்றார். பிறகு பேனாவால் சாதியாவைக் காட்டினார். "ஆனா அடி இல்ல. பேஸ் வேணும். நம்ம குழுவுல பாடற ரஞ்சித்குமார் நிப்பாப்டி. ஆம்பளக் குரல் இருந்தாத்தான் எடுக்கும். நீங்க உங்க பார்ட்ட அவருக்குச் சொல்லிக் குடுத்துடுங்க. மேடையில ஓரமா நின்னு கை தட்டுங்க, பாக்கவும் நல்லாருக்கும்."

"எனக்கு அடி இருக்குங்க" என்றாள் சாதியா. "இன்னிக்கி சுதி மாறிப்போச்சி."

"எல்லாரும் அதாம்மா சொல்வாங்க."

"ஒரு தடவ கேளுங்க."

"அடுத்த குழு வரலாம்" என்றார் அவர்.

வாழ்நாள் முழுக்க ஆம்பளைக் குரல் என்று சொல்லக் கேட்டவளுக்கு, ஆம்பளைக் குரல் போதவில்லை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அதை நினைத்துச் சாதியாவுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சிரிப்பு போய்விட்டது. "ஆபா, அந்த ஃபாரத்த எடு" என்றாள் அக்காவிடம்.

சுல்தானா எட்டாவதுதான் படித்தவள். ஆனால் எந்தத் தாளையும் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் கீழே வைக்கமாட்டாள். மருந்துச் சீட்டு, மின்கட்டணச் சீட்டு, எல்லாம் அப்படித்தான். விண்ணப்பத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் பன்னிரண்டு விதிகள் இருந்தன. ஏழாவதில் விரல் வைத்தாள். பதிவு செய்த குழுவில் பின்னர் ஆள் சேர்க்கவோ மாற்றவோ கூடாது.

திங்கட்கிழமை வேனில் பாட்டு இல்லை. பேச்சுதான்.

"ஒரே ஒரு நிகழ்ச்சி" என்றாள் பிரியங்கா. "அந்த ஆளு நிக்கட்டும்க்கா. அப்பறம் நாம நாலு பேரும் எப்பவும் போல பாடிக்கலாம். எங்க தெருவுல எல்லாருக்கும் சொல்லியாச்சி."

"எங்க பாடிக்கறது? இங்கயா?" என்றாள் சாதியா.

"இல்லேன்னா நாலு பேருக்குமே இல்லாம போயிடும்."

"போவட்டும். சொல்லிக் குடுக்க மாட்டேன். ஸ்கூல்ல வாய அசைன்னாங்க, அசைச்சேன். இப்ப கையத் தட்டுங்கறாங்க. இதுக்கு மேல எறங்கறதுக்கு எங்கிட்ட எடம் இல்ல."

பிரியங்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜாஸ்மினுக்கும் மேடை ஆசை உண்டு. அதை மறைக்கவில்லை. பாஞ்சாலிதான் முடிச்சை அவிழ்த்தாள்.

"நான் மேல போறேன் இல்ல, அப்ப கண்ண மூடிக்குவேன்" என்றாள். "அடியில இவ நிக்கறான்னு தெரியும், அந்தத் தைரியத்துலதான் போறது. அந்த ரஞ்சித்த நம்பி நான் அவ்ளோ ஒயரம் ஏற மாட்டேன். எறங்கறப்ப எங்க காலு வெக்கறது?"

ஜன்னலை விட்டுத் திரும்பாமலே, "என்னவோ பண்ணுங்க. திட்டு வாங்கறதுன்னா எனக்கும் பழக்கம்தான்" என்றாள் பிரியங்கா.

அதுவரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த பெரியண்ணன், "டாப்புல போட்டாச்சி தாயி, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார்.

"வேணாம்ண்ணே" என்றாள் சாதியா. "இனிமே நானே எடுக்கறேன். நீங்க பிரேக் போட்டாலும் மாறக் கூடாது."

போட்டிக்கு இருந்த இரண்டு வாரமும் அதுவே பயிற்சி. இன்ஜினைக் கேட்காமல் எடுப்பது. காலையில் எழுந்ததும் ஒரு தடவை, தண்ணீர் பிடிக்கும்போது ஒரு தடவை, செக்கிங் மேசையில் சட்டைக் காலரைத் திருப்பும்போது ஒரு தடவை. எப்போது எடுத்தாலும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று, பிரியங்கா போனில் ஏற்றிக் கொடுத்த சுதி காட்டும் ஆப்பில் வீட்டில் சுல்தானா பார்த்துச் சொல்வாள். முதல் வாரம் பத்துக்கு நாலு தடவை சரியாக விழுந்தது. இரண்டாவது வாரக் கடைசியில் பத்துக்கு ஒன்பது. ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள். இருபத்திரண்டு நொடி.

நடுவில் ஒருநாள் போன் வந்தது. சாதியா எடுத்தாள்.

"சார், வணக்கம். நான் ரஞ்சித்குமார். மாதவராஜ் அண்ணன் நம்பர் குடுத்தாரு. சாதியா மேடம் இருக்காங்களா?"

"பேசறேன்."

"நீங்களா மேடம்?"

"நான்தான். என்ன வேணும் தம்பி?"

"அந்த பேஸ் பார்ட்... கத்துக்கலாம்னு..." என்று இழுத்த ரஞ்சித்குமார், தானாகவே நிறுத்தினான். "மேடம், இந்தக் குரல வெச்சிக்கிட்டு நீங்க எதுக்கு என்ன கூப்பிடறீங்க?"

"நான் கூப்பிடல தம்பி. அத உங்க அண்ணனத்தான் கேக்கணும்."

அவன் கேட்டானோ என்னவோ, தெரியாது.

போட்டி நாள், மாலை நாலரை மணி. மண்டபம் நிறைந்து, பக்கவாட்டிலும் ஆட்கள் நின்றார்கள். மேடைக்குப் பின்னால் மாதவராஜ் ஒரு பட்டியலோடு நின்றிருந்தார். சாதியா விண்ணப்பத்தின் நகலை நீட்டினாள்.

"ஏழாவது பாருங்க. நாங்க நாலு பேருதான் பதிஞ்சிருக்கோம். நாலு பேருதான் ஏறுவோம்."

"ரூல் போட்டதே நான்தாம்மா."

"ஆமாங்க. அதான் நம்பிப் படிச்சோம்."

அவர் தாளைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். அடுத்த குழுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "சரி, ஏறுங்க" என்றார். "ஆனா நாலாவது மைக் ரஞ்சித்துக்குன்னு செட் பண்ணது. அத எடுத்தாச்சி. மூணு மைக்தான் இருக்கு. கீழ்க்குரலுக்கு மைக் கிடையாது, பரவால்லியா?"

மைக் இல்லாத கீழ்க்குரல் அந்த மண்டபத்தில் முதல் வரிசை வரைக்கும்கூடப் போகாது என்பது அவருக்கும் தெரியும், இவர்களுக்கும் தெரியும். நால்வரும் மேடை ஏறினார்கள்.

மூன்று மைக் ஸ்டாண்டுகள் நின்றன. மூவர் முன்னால் போய் நின்றால் சாதியா தானாகவே பின்னால் ஓர் ஓரம் ஆகிவிடுவாள். அப்படித்தான் வைத்திருந்தார்கள். ஜாஸ்மின் தன் ஸ்டாண்டைப் பிடித்தாள். பாடப் போகிறாள் என்று பார்த்தால், தூக்கிக்கொண்டுபோய் மேடையின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாள். பாஞ்சாலியும் தூக்கினாள். பிரியங்கா ஒரு கணம் மைக்கைப் பார்த்தபடி நின்றாள். தாளம் போடுகிறவளுக்கு மைக் இல்லையென்றால் பாதி வித்தை போனது மாதிரி. பிறகு அவளும் தூக்கினாள். நால்வரும் மேடை விளிம்புக்கு வந்து, தோளோடு தோள் இடிக்க நின்றார்கள்.

"சத்தம் வராதும்மா" என்று கீழிருந்து ஒருவர் அக்கறையாகச் சொன்னார்.

"அமைதியா இருந்தா வருங்க" என்றாள் சாதியா.

அவ்வளவுதான் பேசினாள். அந்த ஒரு வாக்கியத்துக்கே பின்பக்கம் சிரிப்புக் கிளம்பியது. "யாருப்பா அது, முக்காடு போட்ட அண்ணன்?" என்று ஒரு குரல். அதற்கு இன்னும் கொஞ்சம் சிரிப்பு. சாதியாவுக்குக் காது சுட்டது. காத்திருக்கலாம் என்று முதலில் நினைத்தாள். பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். சிரிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மூச்சை இழுத்து, அடியில் எடுத்து, பிடித்தாள்.

வார்த்தை இல்லை, வெறும் ஒலி. முதல் வரிசைக்குக் கேட்டது. அவர்கள் பேச்சை நிறுத்தியதும் இரண்டாவது வரிசைக்குக் கேட்டது. ஒவ்வொரு வரிசையாக வாய் மூடிக்கொண்டே போனது. இருபது நொடி ஆகும் முன்பே கடைசி வரிசையில் நின்றவர், பக்கத்தில் இருந்தவரைச் சும்மா இரு என்று தட்டினார். யாரோ எழுந்துபோய்ச் சுவரோரம் கடகடத்துக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினார். அப்போது ஜாஸ்மின் முதல் வரியை எடுத்தாள்.

அறுபது வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு ஊரில், விட்டுப் போனவனை நோக்கி ஒருத்தி கேட்ட கேள்வி. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் அந்த மண்டபத்தில் கால்வாசி இருந்தால் அதிகம். ஆனால் கேட்கிறவள் கெஞ்சவில்லை, பதில் வாங்காமல் போகமாட்டாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. பிரியங்கா மைக் இல்லாமலே நாக்கைத் தட்டித் தட்டி நடையைக் கொண்டுபோனாள். மூன்றாவது அடியில் பாஞ்சாலி கண்ணை மூடிக்கொண்டு மேலே போனாள். போனவள் அங்கேயே நின்றாள். சாதியா அவளுக்கு அடியில் "டூம், டும்டும்" என்று ஒவ்வொரு படியாக வைத்துக்கொண்டே வந்தாள். பாஞ்சாலி அதில் கால் வைத்து நிதானமாக இறங்கினாள்.

கைதட்டல் பெரிதா சிறிதா என்று சாதியாவால் சொல்ல முடியவில்லை. பக்கவாட்டில் நின்ற ரஞ்சித்குமார் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டியதை மட்டும் பார்த்தாள்.

மூன்றாம் பரிசு. முதலிரண்டும் கீபோர்டு வைத்துப் பாடிய குழுக்களுக்குப் போயின. வாத்தியம் இல்லாததால் மதிப்பெண் தாளில் அதற்கான கட்டத்தை நிரப்ப முடியவில்லை என்று நடுவர் ஒருவர் சொன்னார். ஜாஸ்மின் அதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சாதியா கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கண் சான்றிதழில் இருந்தது.

முன்கூட்டியே அச்சடித்து வைத்த சான்றிதழ். ஜாஸ்மின், பாஞ்சாலி, பிரியங்கா, ரஞ்சித்குமார் என்று நான்கு பெயர்கள்.

மேடைக்கு வெளியே ஒரு மேசை போட்டு மாதவராஜ் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சாதியா சான்றிதழை அவர் முன்னால் வைத்தாள்.

"பேர் தப்பா இருக்குங்க."

"அது பிரிண்ட் ஆனதும்மா. அடுத்த வாரம் வந்தீங்கன்னா வேற அடிச்சித் தரேன்."

"அடுத்த வாரம் எனக்கு ஷிஃப்ட் இருக்கு. இப்பவே எழுதுங்க."

"அடிச்சித் திருத்துனா அசிங்கமா இருக்குமே."

"இருக்கட்டுங்க. பாத்தவங்க ஏன் அடிச்சிருக்குன்னு கேப்பாங்க. நான் சொல்லிக்கறேன்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பின்னால் மூன்று பெண்கள், அவர்களுக்குப் பின்னால் இவள் பையைத் தோளில் மாட்டிய அக்கா, பக்கத்தில் ரஞ்சித்குமார். யாரும் நகர்வதாக இல்லை. "எழுதிடுங்கண்ணா" என்றான் ரஞ்சித்குமார். மாதவராஜ் பேனாவைத் திறந்தார். நாலாவது பெயரை ஒரு கோட்டால் அடித்தார்.

"பேரு?"

"சாதியா. பென்னாகரம்."

எழுதினார். மூடப்போனார்.

"பக்கத்துல கீழ்க்குரல்னு போடுங்க" என்றாள் சாதியா. அவர் எழுதி முடித்து, மை காய்ந்து, தாளை அவள் கையில் கொடுக்கும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.